வெண்டல் குரூகர் விடாமல் பிடித்த சட்டை

வெண்டல் குரூகரை நான் முதலில் சந்தித்தது ஒரு கணக்கு வகுப்பில். வெல்டன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையால் எறிந்தும் ஆடுவது) அணியில் பாடத்தில் பின்தங்கிய பையன்களுக்கு வாரம் மூன்று மாலை புள்ளியியல் சொல்லித்தருவது என் வேலை. என் ஊர் அங்கிருந்து நாற்பது மைல். மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே மொத்தமே நூற்றிருபது பேர். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால், பலகைக்கு முன்னால் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே நிற்பேன். அன்று கடைசி வரிசையில் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் நாற்காலி கண்ணுக்குத் தெரியவில்லை. தலையில் தொப்பி, கழுத்தில் விசில், கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலம்.

"தம்பி, அந்த ரெண்டாவது வரி எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார்.

முன்வரிசைத் தடியர்கள் சிரித்தார்கள். "கோச், உங்களுக்குமா பரீட்சை?"

"எனக்குப் புரிஞ்சாத்தான்டா உங்க காதைத் திருக முடியும். நீ திரும்பிப் பலகையைப் பாரு."

அந்தப் பருவம் முழுக்க வந்தார். கடைசியில் விளையாட்டாக அவருக்கும் ஒரு தேர்வு வைத்தேன். எண்பத்தொன்று வாங்கி, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வெண்டல் தலைமைப் பயிற்சியாளர் அல்ல. தொலைக்காட்சிக் கேமரா தேடும் முகமும் அல்ல. பந்தை எறிபவனைச் சுற்றி மதில்போல நிற்கும் ஐந்து பேர் இருக்கிறார்களே, அந்தத் தடுப்பு வரிசைக்கு மட்டும் பயிற்சி தருபவர். முழங்கால் போகும்வரை தானும் அந்த வரிசையில் நின்றவர்தான். இருபத்து மூன்று வயதில் ஒரு பள்ளியில் காலையில் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, மாலையில் பந்தாட்டம் கற்றுக்கொடுத்தார். பிறகு ஒரு பெரிய பல்கலையில் இரண்டு வருடம் எடுபிடி: எதிரணியின் ஆட்டங்களை அட்டைகளில் வரைவது, விருந்தாளிகளை விமான நிலையத்திலிருந்து கூட்டிவருவது, அலுவலகச் சோபாவில் தூங்குவது. அப்புறம் ஒரு சின்னக் கல்லூரி. அங்கே வரிசைக்குப் பயிற்சியும் தந்து, மைதானத்துப் புல்லையும் வெட்டி, ஐம்பது பேரின் சட்டைகளையும் துவைத்தார்.

அதற்குமேல் ஊர் ஊராகத்தான் பிழைப்பு. இந்தத் தொழிலில் தலைமைப் பயிற்சியாளரின் தலை உருண்டால் கூடவே பத்துத் தலைகள் உருளும். புதிதாக வருபவர் தன் ஆட்களோடு வருவார். பழைய ஆட்கள் பெட்டி கட்டுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் வெல்டன் அவருக்கு எட்டாவது ஊர். கார் துடைக்க மட்டும் அவர் வீட்டில் ஏழு நிறத்தில் பழைய அணிச் சட்டைகள் கிடந்தன.

மனைவி மார்லா அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போட்டதே கிடையாது. பிரித்து மடித்துக் கட்டிலுக்கு அடியில் செருகிவிடுவாள். சமையலறைப் பெட்டியின்மேல், கல்யாணத்துக்குப்பின் பார்த்த ஏழு ஊர்ப் பெயர்கள், ஆறு அடித்தல்கள். சுவரில் ஆணி அடிக்கவும் விடமாட்டாள். "ஆணி அடிச்சா ஓட்டையை அடைக்கிறது யாரு? நீயா, நானா?" என்பாள். கல்யாணப் படம்கூட இருபது வருடமாக அலமாரிமேல் சாய்ந்துதான் நின்றது.

மகள் டெஸ்ஸாவுக்குப் பதினேழு வயது. நாலு பள்ளி மாறியவள். வெல்டன் பள்ளியின் வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதினாள். வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு தோழியின் பிறந்தநாளுக்கு இரண்டாம் வருடமும் போனாள். அவளிடம்தான் வெண்டல் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்: "கடைசி வருஷத்தையும் நீ இங்கதான் படிச்சு முடிப்பே." தன் கையில் இல்லாத ஒன்றைப் பற்றி வாக்குக் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டார்.

மூன்றாம் வருடம் அணி சறுக்கியது. பதினொரு ஆட்டத்தில் ஏழு தோல்வி. மிச்சம் ஒரே ஆட்டம், அதுவும் பக்கத்து மாநிலத்துப் பங்காளிகளோடு. அதில் ஜெயித்தால் தலைமைப் பயிற்சியாளர் கார்ல் பிக்ஃபோர்டுக்கு இன்னொரு வருடம் கிடைக்கும் என்று முடிவெட்டும் கடையில்கூடப் பேச்சு. தோற்றால் எல்லாருமே வண்டி ஏற வேண்டியதுதான்.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில், எலும்பைக் குடையும் காற்று. ஆட்டம் முடியப் பதினாலு நொடி. வெல்டன் இரண்டு புள்ளி பின்தங்கி இருந்தது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துவிட்டால் மூன்று புள்ளி, வெற்றி. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கும் வாய்ப்பு எதுவும் மிச்சமில்லை. உதைக்கும் குழு ஓடிப்போய் நின்றது. அதே நேரத்தில் இடப்பக்கத் தடுப்பாளன் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வெளியே வந்தான். அவனுக்குப் பதிலாகக் கோடி லாங்ஃபெல்ட் போக வேண்டும். முதல் வருடப் பையன், அதுவரை ஒரு நொடிகூடக் களத்தில் நின்றதில்லை.

மாற்று ஆளை அனுப்பும்முன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தி, காதில் ஒரு வார்த்தை சொல்வது வெண்டலின் வழக்கம். ஒரு வார்த்தைதான் வழக்கம். அன்று பையனின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்ததைப் பார்த்து மனசு இளகிவிட்டது. "உள்பக்கக் காலை அசைக்காதே. தலையைத் தூக்காதே. உன் வலது பக்கத்தான் சாஞ்சா நீயும் சாயாதே, அவனை நான் மூணு வருஷமா…"

"கோச்," என்றான் கோடி.

"இரு, சொல்லி முடிச்சுர்றேன்."

"கோச்! சட்டையை விடுங்க!"

அவர் திரும்பிப் பார்த்தபோது உதைப்பதற்காகப் பந்து பின்னால் போய்விட்டது. பதினொரு பேர் நிற்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர். கோடி நிற்க வேண்டிய சந்து வழியாக எதிரணிக்காரன் ஒருவன் கல்யாண வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்து, உதைத்த பந்தை நெஞ்சால் தடுத்தான். ஆட்டம் முடிந்தது. வெண்டலின் கை அப்போதும் சட்டையை விடவில்லை.

ஆட்டம் முடிந்து செய்தியாளர்கள் கோடியைச் சூழ்ந்தார்கள். "கூப்பிட்டது எனக்குக் கேக்கல. தப்பு என்னோடதுதான்," என்றான் அந்தப் பதினெட்டு வயதுப் பையன். பின்னால் நின்று கேட்ட வெண்டலுக்குக் காது மடல் எரிந்தது. இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், "அவனை விடுங்க. அவன் சட்டையைப் பிடிச்சு நிறுத்தினது நான்," என்றார். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. மறுநாள் பத்திரிகையில் கோடி சொன்னதுதான் வந்தது. எல்லாருக்கும் அன்று வேண்டியிருந்தது பிக்ஃபோர்டின் தலை.

ஞாயிறு மதியம் அதுவும் உருண்டது. வெண்டல் அவர் அறைக்குப் போனபோது பிக்ஃபோர்டு மேசை இழுப்பறையைக் காலிசெய்துகொண்டிருந்தார்.

"என்னாலதான் போச்சு, கார்ல்."

"எது?"

"அந்த உதை. பையனைப் பிடிச்சு வச்சுக்கிட்டது நான்."

பிக்ஃபோர்டு ஒரு நொடி முறைத்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். "அட போடா! அதுக்கு முன்னாடி ஏழு மேட்ச் தோத்தோமே, அப்பல்லாம் உன் கை எங்க இருந்துச்சு? பெரிய ஆளு மாதிரி எல்லாப் பழியையும் நீயே தூக்கிக்காதே. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை. இந்தா, இந்தப் பேனா எழுதாது, எடுத்துட்டுப் போ."

வெளியே வந்தபோது வெண்டலுக்குப் பாதிப் பாரம் இறங்கியிருந்தது. மறு பாதி வீட்டில் காத்திருந்தது.

டெஸ்ஸா கையில் பேனா எடுத்துவைத்திருந்தாள். சமையலறைப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, 'வெல்டன்' என்ற பெயரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "இப்பவே அடிச்சிடவாப்பா, இல்ல கிளம்பும்போது அடிச்சுக்கலாமா?" என்றாள். மார்லா பேனாவைப் பிடுங்கி மேசையில் போட்டாள். "ரெண்டு பேரும் வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க. சூப் ஆறுது."

அடுத்த பத்து நாளும் விசித்திரமானவை. வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒன்பது உதவிப் பயிற்சியாளர்கள் தினமும் அலுவலகம் வந்தார்கள். பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு வேறு ஊர்களுக்குப் போன் போட்டார்கள். வெண்டல் தன் பதினாறு பையன்களைக் கூப்பிட்டுத் தேர்வுக்குப் படிக்கிறார்களா என்று விசாரித்தார். கோடியைத் தேடிப்போய், "இன்னொரு தடவை என் பழியை நீ சுமந்தேன்னு கேள்விப்பட்டேன், மைதானத்தை இருபது சுற்று ஓட விடுவேன்," என்றார். "நீங்க இங்க இருந்தா ஓடுறேன் கோச்," என்றான் அவன்.

இதற்கிடையில் தொலைவில் ஐடஹோ மாநிலத்திலிருந்து பழைய நண்பன் ஒருவன் அழைத்தான். "எடம் இருக்கு வெண்டல். ஆனா வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டுக்குள்ள சொல்லிடணும். அதுக்கு மேல என்னால தாங்கிப் பிடிக்க முடியாதுப்பா."

புதிய தலைமைப் பயிற்சியாளர் டெரல் மெக்னீல் வியாழக்கிழமை வந்து இறங்கினார். வெண்டலைவிடப் பத்து வயது இளையவர். உதவியாளர்களை ஆளுக்குக் கால் மணி நேரம் பார்த்தார். எட்டுப் பேர் போய்விட்டு வந்தார்கள். வந்தவர்கள் கையில் அலுவலகச் சாவிக்கொத்து இல்லை, வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தார். வெண்டலின் முறை வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு.

உள்ளே திரையில் அந்தக் கடைசி உதை நின்றிருந்தது. மெக்னீல் களத்தைக் காட்டவில்லை. திரையின் ஓரத்தில் விரல் வைத்தார். கூட்டத்துக்கு நடுவே ஒரு பெரிய முதுகு, அதன் கையில் ஒரு சட்டை.

"இது யாரு, கோச்?"

"நான்தான்."

"என்ன சொல்லிட்டிருந்தீங்க?"

"கால் வைக்கிற விதத்தை."

"பதினாலு நொடியிலயா?"

"நாலு விஷயம் இருந்துச்சு. மூணு சொல்லிட்டேன்."

மெக்னீல் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பா கோபமா என்று வெண்டலுக்குப் பிடிபடவில்லை. சுவர்க் கடிகாரம் பதினொன்று நாற்பது காட்டியது.

"உண்மையைச் சொல்லிடறேன். தடுப்பு வரிசைக்கு நான் முதல்ல கேட்டது வேற ஆளை. அவர் மனைவிக்கு இந்தக் குளிர் ஆகாதாம், வரலைன்னுட்டார். ரெண்டாவதா, இந்தப் பத்து நாள்ல இந்த அணியை விட்டு இருபத்தோரு பையன் வேற பல்கலைக்குப் போயிட்டான். தடுப்பு வரிசையில மட்டும் ஒருத்தன்கூட அசையல. ஏன்டான்னு கேட்டேன். கணக்குத் தேர்வு முடியாம எங்க கோச் விடமாட்டார்ங்கறானுங்க. ரெண்டு வருஷ ஒப்பந்தம். இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றார் வெண்டல். "ஒரு போன் மட்டும் பண்ணிக்கலாமா? ஐடஹோவுல ஒருத்தன் கடிகாரத்தைப் பார்த்துட்டு உக்காந்திருப்பான்."

அடுத்து அவர் போனது டெஸ்ஸாவின் பள்ளிக்கு. வாகன நிறுத்துமிடத்தில் வாத்தியக் குழு வரிசை போட்டு நடை பழகிக்கொண்டிருந்தது. கம்பி வேலிக்கு வெளியே அப்பா நிற்பதைப் பார்த்ததும் டெஸ்ஸா டிராம்போனை இறக்கினாள். நட்ட நடு மதியம் அவர் வந்ததே இல்லை. வெண்டல் தரையை விரலால் சுட்டிக் காட்டினார். இங்கேதான், இங்கேயேதான்.

வரிசையை உடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். வாத்தியார் கத்தினார். வேலிக் கம்பிக்குள் விரலை நுழைத்து அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா, வாத்தியார் திட்றாரு."

"நீங்க விட்டீங்களா அன்னிக்கு?"

அன்று சாயங்காலம் மார்லா பக்கத்து வீட்டில் சுத்தியல் கடன் வாங்கி வந்தாள். இத்தனை ஊர் மாறியும் அந்த வீட்டில் ஒரு சுத்தியல் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆணி கோணலாக இறங்கியது. கல்யாணப் படம் இன்றுவரை இடப்பக்கம் சாய்ந்தே தொங்குகிறது. பெட்டிகளை எல்லாம் டெஸ்ஸா தெருமுனையில் வீடு காலிசெய்தவர்களிடம் கொடுத்துவிட்டாள்.

வெண்டல் குரூகருக்கு இப்போது ஐம்பது வயது. வெல்டன் அணியின் தடுப்பு வரிசைக்கு இது ஆறாவது பருவமாகப் பயிற்சி தருகிறார். டெஸ்ஸா அங்கேயே பள்ளியை முடித்து, அதே பல்கலையில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஆட்டத்தன்று வாத்தியக் குழுவில் ஊதுகிறாள். கோடி லாங்ஃபெல்ட் இடப்பக்கத் தடுப்பாளனாகக் கடைசிப் பருவம் ஆடுகிறான். மாற்று ஆள் களத்துக்குப் போகும் நேரத்தில் வெண்டல் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்கிறார்.