தொட்டிக்குள் வயல் மண்

உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்து நிலமில்லாதவர்களுக்கு ஒப்படைத்த நிலத்தில் பயிர்த்தொழில் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது. வெளியாருக்குக் குத்தகைக்கும் விடக் கூடாது. மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். பட்டாவில் இந்த நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கும். தாலுகா அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் அதை நான் படித்துக்காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். என் மாமனாரும் ஆட்டியிருப்பார். பண்ணையாளாக இருந்து, கொடி பிடித்து, அடி வாங்கி, கடைசியில் அவருக்குக் கிடைத்த நிலம் கோடியக்கரைக்குப் போகும் வழியில் இருந்தது. அவருக்குப் பின் அது என் மனைவி பெயருக்கு வந்தது. நெல் போட்டோம்.

ஓய்வு பெற்ற பிறகு கூடத்தில் ஒரு மீன் தொட்டி வைத்தோம். கடைக்காரர் கொடுத்த நீலக் கற்களை அவள் வேண்டாம் என்றுவிட்டாள். தன் வயலிலிருந்து ஒரு கூடை களிமண் கொண்டுவந்து பரப்பி, மேலே ஆற்று மணல் தூவி, வாய்க்காலில் கிடந்த வேலம்பாசியை நட்டாள். பாசி தழைத்தது. கெண்டைக் குஞ்சுகள் அதற்குள் புகுந்து புறப்பட்டன. மின்விசிறியை விட்டால் எங்கள் வீட்டில் நாள் முழுக்க அசைந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அப்போதுதான் இறால் பண்ணைக்கு நிலம் பிடிக்கும் ஏஜென்ட் வந்தார். பக்கத்து ஊர்க்காரர், கரைவேட்டி. ஆட்சி மாறியபோது கரை மாறியது, ஆள் மாறவில்லை.

“மூணு வருஷம்தான் அக்கா. உப்புத்தண்ணி விடுவோம், இறால் எடுப்போம், தண்ணிய வடிச்சிட்டு வயல அப்படியே கையில குடுத்துருவோம். மறுபடி சம்பா போடுங்க. மண்ணு எங்க போயிரப் போவுது?”

நான் நிபந்தனையைச் சொன்னேன்.

“சார், அத எழுதுனவங்கதான் எங்க பண்ணைக்கு ரிப்பன் வெட்ட வர்றாங்க.”

ஒப்படை நிலத்தில் இறால் பண்ணை வைக்கலாமா என்று என் பழைய அலுவலகத்தை எழுத்தில் கேட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஏஜென்ட் மறுபடி வந்தார். “பதில் வரட்டும்” என்றேன்.

“உங்க ஆபீஸ்லேருந்தா? அதுக்குள்ள இறாலுக்கு மீசை நரைச்சிரும்” என்றாள் மனைவி. ஏஜென்ட் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தொட்டியைக் காட்டினாள்.

“இதுல இருக்கறது என் வயல் மண்ணு. உங்க உப்புத்தண்ணிய விட்டு இதுல கடல் மீனு வளத்துக் காட்டுங்க. அப்புறம் வடிச்சிட்டு, நல்ல தண்ணி ஊத்தி, இதே பாசிய வளத்துக் காட்டுங்க. எங்க சொல்றீங்களோ அங்க கையெழுத்துப் போடறேன்.”

“இவ்வளவுதானே அக்கா!”

கேன் கேனாகக் கடல் தண்ணீர் வந்தது. கோடியக்கரை மீனவர் ஒருவரிடமிருந்து வரி போட்ட சின்ன மீன்களும் வந்தன. அவள் கெண்டைகளை அண்டாவுக்கு மாற்றினாள். எங்கள் வயலுக்கு இருபுறமும் நிலம் வைத்திருந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஏஜென்ட் அவர்களிடமும் பேசி வைத்திருந்தார்.

முதல் நாள் தண்ணீர் தெளிவாக இருந்தது. மறுநாள் பாசி கூழானது. மண்ணுக்குள் நல்ல தண்ணீருக்குப் பழகியிருந்த புழுவும் பூச்சியும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் இருந்த இடத்திலேயே செத்து அழுக ஆரம்பித்திருந்தன. கண்ணாடி ஓரமாகக் களிமண் கீழிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. விரலால் குத்தினால் குமிழி வந்தது. அழுகிய முட்டை நாற்றம். வரி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு மூடவில்லை.

“வண்டியில வந்த அலுப்பு சார்” என்றார் ஏஜென்ட்.

ஒப்பந்தத்தின் இரண்டாம் பகுதியையும் அவள் விடவில்லை. மண்ணைக் கழுவினோம், நல்ல தண்ணீர் ஊற்றினோம், புதுப் பாசி நட்டோம். நுனியிலிருந்து பழுப்பேறி அது படுத்துவிட்டது. மறுபடி நட்டதும் படுத்தது. ஏஜென்ட் நீட்டிய காகிதத்தை அவள் கையால்கூடத் தொடவில்லை.

இருபுறத்துக்காரர்களும் எல்லாவற்றையும் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். பிறகு போய்க் கையெழுத்துப் போட்டார்கள். “அது தொட்டி அண்ணே. இது வயலு” என்றார் ஒருவர், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

பொக்லைன் வந்தது. எங்கள் வயல் இரண்டு உப்புக் குளங்களுக்கு நடுவே நின்றது. அந்தச் சம்பாவில் நட்ட பயிர் வரப்போரம் முதலில் மஞ்சளாகி, நாளாக ஆக நடுவயல் வரை காய்ந்தது. அறுக்க எதுவும் இல்லை. நான் நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். என் மனு மேல்நடவடிக்கைக்காக வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருப்பதாக ஒரு அட்டை வந்தது. அங்கிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதாக இன்னொரு அட்டை. அதற்குப் பிறகு அட்டையும் இல்லை.

அடுத்த ஆடியில் மேட்டூர் திறக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் பெண்கள் ஆடிப்பெருக்கை அடிபம்பில் கும்பிட்டார்கள். எங்கள் வாய்க்காலில் மட்டும் கரை தொட்டுத் தண்ணீர் போனது. தெருப் பெண்கள் மஞ்சள் கயிறும் காப்பரிசியுமாக ஓடினார்கள். நானும் பின்னால் போனேன். என் மனைவி குனிந்து ஒரு கை அள்ளினாள். முகத்தருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். கரையில் நின்ற எனக்கும் காற்றில் வந்தது, எங்கள் கூடத்தில் அடித்த அதே நாற்றம். பண்ணைக் குளத்தின் கழிவு மடையைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

“என்னக்கா, அரிசி போடலியா?”

“இது காவேரி இல்லடி.”

காப்பரிசியை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள். வாசலில் தபால்காரர் நின்றிருந்தார். கேட்டது நான், உறை அவள் பெயருக்கு வந்திருந்தது. நிபந்தனையை ஒரு எழுத்து விடாமல் எடுத்துக்காட்டியிருந்தார்கள். அதன் கீழே, கள ஆய்வில் மேற்படி நிலம் பயிரிடப்படாமல் கிடப்பது தெரியவருவதால், ஒப்படையை ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதற்கு விளக்கம் அளிக்குமாறு கேட்டிருந்தார்கள். இறால் பண்ணை பற்றி ஒரு வரி இல்லை.

பதில் வந்த நாள் ஆடிப் பதினெட்டு.