அக்காவின் கையில் என் பெயர்

அக்கா போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு இன்னும் அசதி தீரவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து எழுந்து வந்ததாகவே தோன்றவில்லை. எழுத்து முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது வேலூர்ப் பக்கம். அப்பாவுக்கு இந்த மராட்டி ஊரில், தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை கிடைத்தபோது கைக்குழந்தையாக இங்கே வந்தார். நான் பிறந்த சில மாதங்களில் அம்மா காலமானார். அதன்பின் எனக்குச் சோறு ஊட்டியதும் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அக்காதான். அவர் படிப்பு அதோடு நின்றது. அதைப் பற்றி அவர் பேசியதில்லை. பேச அவருக்கு நேரமும் இருந்ததில்லை.

சின்ன வயதில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்து, பிழைத்ததே பெரிய பாடு. அந்த வருஷம் இங்கே ஜத்ராவில், அதாவது திருவிழாவில், பச்சை குத்துகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு மராட்டிப் பெண்கள் சாமி பெயரும் புள்ளியும் குத்திக்கொண்டார்கள். அக்கா இடது கையை நீட்டி என் பெயரைச் சொன்னார். பச்சை குத்துகிறவரும் மராட்டி எழுத்தில் 'சேகர்' என்று குத்திவிட்டார்.

"கையில பேரு இருந்தா நீ எங்கயும் போவமாட்டன்னு நெனச்சேன்டா" என்று அக்கா பிறகு சொன்னார்.

அக்காவைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர், இந்தி படிக்கத் தெரிந்தவர்; மராட்டிக்கும் அதே எழுத்துதான். காபி கொடுத்த கையைப் பார்த்து, "சேகர்னு போட்டிருக்கு" என்றார். அவருடைய அம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு அவன்?"

"தம்பிங்க" என்று அப்பா என்னை இழுத்து வந்து நிறுத்தினார். மூக்கு ஒழுக நின்றேன்.

"தம்பி பேர எந்தப் பொண்ணாவது கையில குத்திக்குவாளா?" என்று அந்த அம்மாள் எழுந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண் கையில் ஆண் பெயர் இருந்தால் அது புருஷன் பெயர், இல்லையென்றால் வம்பு.

அடுத்து வந்தவர்கள் நம்பினார்கள். ஆனால் மேலே ஒரு பூ குத்தி மறைத்துவிடச் சொன்னார்கள். "வலிக்க வலிக்க குத்திக்கினது மறைக்கிறதுக்கா?" என்றார் அக்கா. அப்பா கெஞ்சினார், திட்டினார், கடைசியில் ஓய்ந்துபோனார். வரன் வருவதும் நின்றது. அக்கா சிஞ்ச்வட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்து, லோக்கல் ரயிலில் போய் வந்து என்னைப் படிக்க வைத்தார். அந்தக் கையை ஒருநாளும் முந்தானையால் மூடியதில்லை.

எனக்கு அது பாரமாகத்தான் இருந்தது. அவர் சோறு பரிமாறும்போதெல்லாம் என் பெயர் கண்ணில் படும். ஒருநாள் தாங்காமல், "லேசர்ல எடுத்துடலாம்க்கா" என்றேன்.

"எடுத்துட்டு? இந்த வயசுல எனக்கு மாப்பிள பாக்கப் போறியா?" என்று சிரித்தார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

கடைசியில் நுரையீரல் கெட்டு அக்கா ஐசியூவில் கிடந்தார். வாயில் குழாய், பேச முடியாது. யாரையும் உள்ளே விடமாட்டார்கள். மருந்து வாங்க மட்டும் படுக்கை எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அன்று மதியம் பெஞ்சிலேயே கண்ணயர்ந்துவிட்டேன்.

"சேகர் கோண் ஆஹே?", சேகர் யார் என்று ஒரு நர்ஸ் கதவருகில் நின்று கேட்டார். அங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது. அக்கா விரலால் தன் கையைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தாராம். நர்ஸ் அதைப் படித்துவிட்டு வந்திருக்கிறார். நான் போய்க் கையைப் பிடித்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது.

கூடவே அலைந்த எங்கள் குடியிருப்பு சொசைட்டிக்காரர்களுக்கும், இறுதிக் காரியங்களைத் தோள்மேல் போட்டுக்கொண்டு செய்த தேஹு ரோடு ஆட்டோ நண்பர்களுக்கும், ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்கும் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த நர்ஸின் பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் மட்டும் வந்து கூப்பிடாமல் இருந்திருந்தால், நான் வெளியே தூங்கிக்கொண்டிருக்க, அக்கா தனியாகப் போயிருப்பார். அந்த நர்ஸ் எங்கே இருந்தாலும் அவருக்கு என் கும்பிடு.