பேட்டரி கழற்றிய கடிகாரம்

ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும்போது பாதி வழியில் என் பைக் நின்றுவிட்டது. அருகே ஒரு தகரக் கொட்டகையில் மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள், புருவத்தில்கூட கிரீஸ். கூலி எவ்வளவு என்று கேட்டேன்.

"மணிக்கு எரநூறு சார்."

மேசைக் கடிகாரம் ஒன்றின் முள்ளைப் பன்னிரண்டுக்குத் திருப்பினார். உடனே அதன் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

டவுன் மெக்கானிக்குகளிடம் பலமுறை ஏமாந்தவன் நான். கடிகாரத்தை நிறுத்திவிட்டு வாய்க்கு வந்த கணக்கைச் சொல்லப்போகிறார் என்று நினைத்து, செல்போனில் நேரம் பார்த்தபடி சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்தார். இரண்டே முக்கால் மணி நேரம் போனது.

"இங்க கீது பாருங்க சார்!"

சீட்டுக்கு அடியில் ஒரு வயர் அறுந்திருந்தது. அப்போதுதான் கடிகாரத்தில் பேட்டரியைப் போட்டார். வேலை முடிந்தபோது அது பன்னிரண்டே கால் காட்டியது.

"அம்பது ரூபா குடுங்க."

"மூணு மணி நேரம் ஆச்சேண்ணா?" என்று அறுநூறு ரூபாயை நீட்டினேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க கோளாறுன்னு தெரியாம நான் தேடுனதுக்கு நீங்க இன்னாத்துக்கு துட்டு குடுக்கணும்?"

சரியாக ஐம்பது ரூபாய் கொடுக்கும்வரை வண்டிச் சாவியைத் தரவில்லை.

இப்போதெல்லாம் டவுனில் யார் பில்லை நீட்டினாலும், "இதுல தேடுன நேரம் எவ்ளோ?" என்று கேட்காமல் நான் பர்ஸை எடுப்பதில்லை. முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.