ஒன்று விட்டு ஒன்றாக அறுத்த டயர்

மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்த நாட்கள் அவை. இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல். வடக்கனந்தல் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு மூன்று நாளாக பஸ் இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்குக் கள்ளக்குறிச்சியில் என் மனைவிக்கு இன்டர்வியூ. பால்வாடி டீச்சர் வேலை.

அவள் பத்தாவது பாஸ். நான் ஆறாவதோடு நின்றவன். கல்யாணப் பந்தியில் அவள் சித்தப்பா, “பத்தாவது படிச்ச பொண்ணப் போயி...” என்று இழுத்தது எனக்கு இலை வரைக்கும் கேட்டது. இந்த முறை தவறினால் அடுத்து எப்போது ஆள் எடுப்பார்களோ, அதற்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும். கார்டு வந்த நாளிலிருந்து எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவள் நன்றாகத் தூங்கினாள்.

நடந்து போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. சைக்கிள்தான். தார் ரோடு முழுக்க மரம் கிடந்ததால் வாய்க்கால் கரை வழிதான். அந்தக் கரை சுத்தக் களிமண். முந்தின வாரம் முழுக்க மழை. என் டயர்களோ தேய்ந்து வழுக்கை. பின்னால் அவளை உட்காரவைத்துக்கொண்டு வழுக்கி வாய்க்காலில் விழுவதை நான் அதற்குள் பத்துத் தடவை மனதில் பார்த்துவிட்டேன்.

அன்று காலையிலேயே சைக்கிள் கடைக்குப் போய் நின்றேன். கடைக்காரர் ஒரு கனத்த டயரை எடுத்துப் போட்டார். மேலெல்லாம் ரப்பர் பட்டன்கள், பலாப்பழத் தோல் மாதிரி நெருக்கமாக.

“வெள்ளிமலையில இருந்து புளி மூட்ட எறக்கறவனுங்க இத்ததான் போடறானுங்க. மலைச் சேத்துலயே நிக்குது. ஒங்க ஊரு சேறு இன்னா பெரிய சேறு?”

“வழுக்காதுதான அண்ணே?”

“நாலு வாட்டி கேட்டுட்டபா. வழுக்காது.”

இரண்டு சக்கரத்துக்கும் மாட்டினேன். மத்தியானம் கேரியரில் ஒரு நெல் மூட்டையைக் கட்டி, வாய்க்கால் கரையில் ஓட்டிப் பார்த்தேன். அவள் கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வழுக்கவில்லை, உண்மைதான். பதினைந்து அடி போனதும் ஓடவும் இல்லை. பட்டன்களுக்கு நடுவே களிமண் அப்பி, அதன் மேல் இன்னும் அப்பி, மட்கார்டுக்குள் ஏறி இறுகிவிட்டது. சக்கரம் சுற்றாமல் சிலை மாதிரி நின்றது. குச்சியால் நோண்டி எடுத்தேன். மறுபடியும் பதினைந்து அடி.

அப்போதுதான் உறைத்தது. மலைச் சேற்றில் சரளை அதிகம். ஒட்டினாலும் உதிர்ந்துவிடும். எங்கள் களிமண் உதிராது. நான் கேட்டதெல்லாம் வழுக்குமா என்றுதான். ஒட்டுமா என்று கேட்கத் தோன்றவில்லை. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னாங்க, இப்பவே அழுவறீங்க? இன்டர்வியூ எனக்குத்தான?” என்றாள். பிறகு குனிந்து டயரைத் தடவிப் பார்த்தாள். “கம்பு நெருக்கமா மொளச்சா இன்னா பண்ணுவீங்க?”

“கலைச்சி வுடுவேன்.”

“இத்தயும் கலைச்சி வுடுங்க.”

எங்கள் பக்கத்தில் கம்பு விதைத்தவர்கள் எல்லோரும் செய்வதுதான். நாற்று நெருக்கமாக இருந்தால், நல்ல நாற்றாகவே இருந்தாலும் நடுவே நடுவே பிடுங்கி எறிவோம். ஆனால் காலைவரை கடையில் தொங்கிய புது டயரில் கத்தி வைப்பதா? டியூப் வரைக்கும் இறங்கிவிட்டால்? நடு வழியில் வெடித்தால்? கடைக்குத் திரும்பிப் போய், ரப்பர் அறுக்கிற கத்தியை வாங்கித் தண்ணீரில் நனைத்து, முதல் பட்டனை அறுத்தேன். கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

“யோவ், இன்னாயா பண்ற? புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?”

நான் நிறுத்தவில்லை. முன் டயரில் ஒன்று விட்டு ஒன்று. பின் டயரில் நடு வரிசையில் மட்டும். ஓரத்துப் பட்டன்கள் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். இரண்டு மட்கார்டையும் கழற்றினேன். கட்டைவிரலால் அமுக்கினால் கொஞ்சம் பள்ளம் விழுகிற அளவுக்குக் காற்றை இறக்கினேன்.

விடிந்ததும் கிளம்பினோம். சர்டிபிகேட்டையும் மாற்றுப் புடவையையும் யூரியா சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அவள் மடியில் வைத்துக்கொண்டாள். கரையில் ஏறியதும் களிமண் அப்பத்தான் செய்தது. ஆனால் அப்பியது ஒரு சுற்றிலேயே பிய்ந்து, கட்டி கட்டியாகப் பறந்தது. மட்கார்டு இல்லாததால் பாதி என் முகத்துக்கு, மீதி அவள் முதுகுக்கு.

“நேரா பாத்து மிதிங்க, என்னத் திரும்பித் திரும்பிப் பாக்காதீங்க!”

சக்கரம் நிற்கவில்லை. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

ஓரிடத்தில் தார் ரோட்டைக் குறுக்காகக் கடந்தாக வேண்டும். அங்கே பெரிய புளியமரம் விழுந்து கிடந்தது. பக்கத்திலேயே மறியல்காரர்கள் பத்துப் பேர். நான் பிரேக் பிடித்து இறங்கினேன்.

“எங்கபா போறீங்க, சேத்துல பொரண்ட எரும மாதிரி?”

அவள்தான் பதில் சொன்னாள். “பால்வாடி வேலைக்கு இன்டர்வியூங்க. பத்து மணிக்கு.”

அவர்களில் மூத்தவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “நாம இன்னாத்துக்கு இங்க ஒக்காந்துகினு இருக்கறோம்? வேலைக்குத்தான? தூக்குங்கடா சைக்கிள.”

நான்கு பேர் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். ஒருவன் டயரைப் பார்த்து, “எலி கடிச்சிடுச்சாண்ணே?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

ஒன்பதே காலுக்குக் கள்ளக்குறிச்சி. ஆபீஸ் பின்னால் இருந்த குழாயில் அவள் முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டாள். கூப்பிட்ட பெண்களில் பாதிப் பேர்கூட வந்து சேரவில்லை. உள்ளே அவளிடம் கேட்ட முதல் கேள்வி, “எப்படிம்மா வந்தீங்க?” என்பதுதானாம்.

“சைக்கிள்ல சார். என் வூட்டுக்காரரு டயர அறுத்து ஓட்டிக்கினு வந்தாரு” என்று அவள் சொல்ல, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டாராம். அதற்குப் பிறகுதான் குழந்தைப் பாட்டு, கணக்கு, எடை போடுவது எல்லாம். ஒன்றிலும் அவள் தடுமாறவில்லை.

ஆர்டர் தபாலில் வந்தபோது அவள் ஏரியில் துணி துவைக்கப் போயிருந்தாள். நானே பிரித்து, டைப் அடித்த அவள் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தேன். தவறாக வாசித்துவிட்டேனோ என்று இன்னொரு முறை. பிறகு அவள் வரும்வரை பொறுக்க முடியாமல், காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏரிக்கு ஓடினேன்.