கடைசி வரிசையில் அம்மா

அப்பாவின் தலைத் திவசத்துக்கு வந்து, எங்களோடு பந்தியில் அமர்ந்து, இப்போது இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அப்பாவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். ஆனால், நான்தான் எழுதவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அம்மா. உங்களில் பலருக்கு அப்பாவின் பெயரைக் கேட்டதும் அவர் கட்டிய நல்ல நாடகக் கொட்டகைகளோடு கெட்டுப்போன ஒரு கொட்டகையும் நினைவுக்கு வரும். அது எப்படிக் கெட்டது என்பதை இந்த மலரில் எழுதிவிடவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

அப்பா நாகப்பட்டினத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். தாய்மாமனோடு கப்பலேறிப் பினாங்கு வந்தபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. வழியெல்லாம் வாந்தி எடுத்த அந்தப் பயணத்தைச் சாகும்வரை வீரக்கதை மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே ஒரு வெள்ளைக்காரத் துரையின் கட்டட அலுவலகத்தில் பென்சில் சீவும் வேலை கிடைத்தது. சில ஆண்டுகளில் அந்தப் பென்சிலால் வரைபடம் போடவும் கற்றுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வரும் நாடகக் கம்பெனிகள் திடலில் கீற்றுப் பந்தல் போட்டு ஆடுவார்கள். மழை வந்தால் ராஜாவும் அவரைச் சிறைபிடித்த எதிரியும் ஒரே குடைக்குள் நிற்பார்கள். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்த அப்பாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லையாம். இவர்களுக்கு ஒழுங்காக ஒரு கொட்டகை வேண்டும் என்று அன்றைக்கே கோடு போட ஆரம்பித்துவிட்டார். முதல் கொட்டகை பலகையிலும் அத்தாப்பு ஓலைக் கூரையிலும் எழுந்தது. பிறகு மலாய்க்காரர்களின் பங்சவான் நாடகக் குழுவுக்கு ஒன்று, சீனக் கூத்துக்காரர்களுக்கு ஒன்று என்று வேலை வந்துகொண்டே இருந்தது. மூன்று மொழிக்காரர்களும் அவரை நம்பினார்கள்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கொட்டகையையும் அம்மா சரி என்று சொல்லாமல் அவர் சாவி கொடுத்ததில்லை. பெண்களுக்கு அப்போதெல்லாம் கடைசி வரிசைகளில்தான் இடம். முன்னால் இடைவெளி விட்டுப் பின்னிய ஒரு மூங்கில் தட்டியும் இருக்கும். அங்கே அம்மாவை உட்காரவைத்துவிட்டு அப்பா மேடையில் ஏறி நிற்பார். வீட்டில் பேசுகிற குரலில், கொஞ்சமும் உயர்த்தாமல், "இந்தா, இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்பார். அம்மா பின்னாலிருந்து அன்றைய குழம்பைச் சொல்வார். பதில் வந்துவிட்டால் கொட்டகை தேறிவிட்டது. வராவிட்டால் பலகை அடித்து, சாக்குப் படுதா தொங்கவிட்டு, மறுபடியும் அதே கேள்வி. தச்சர்களும் கொத்தனார்களும் அந்த நேரத்தில் மூச்சுவிடாமல் நிற்பார்கள். பதில் வந்ததும் கைதட்டுவார்கள். அம்மா அன்றைக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டுதான் போவார்.

அப்பாவின் பெயர் உச்சத்தில் இருந்தபோது, ஜார்ஜ் டவுனில் அவர் கட்டியதிலேயே பெரிய கொட்டகையைக் கட்டினார். முதலாளியின் விருப்பப்படி செங்கல் சுவர், தகரக் கூரை. வழக்கம்போல் அம்மா போனார், அப்பா கேட்டார், "கத்தரிக்காய்க் குழம்பு" என்று பதில் வந்தது. சாவியும் கைமாறியது.

முதல் ஆட்டத்தில் திரை தூக்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, பெண்கள் பக்கத்தில் கூச்சல் கிளம்பிவிட்டது. "ஒன்னும் கேக்கலலா! ஊமைக் கூத்தா ஆடுறீங்க?" என்று ஓர் அம்மாள் தட்டியைத் தூக்கிக்கொண்டே கேட்டார். நடிகர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். கத்தக் கத்த, குரல் சுவரில் மோதி இன்னும் குழம்பியது. பாதி ஆட்டத்தில் பெண்கள் எழுந்து போனார்கள். அவர்களை அழைத்துப்போக ஆண்களும் எழுந்தார்கள். அப்பா வாசலருகே தலை குனிந்து நின்றதை நான் பார்த்தேன். அந்தக் காட்சி இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது.

மறுநாள் காலையில் அப்பா, அம்மாவையும் என்னையும் கொட்டகைக்கு அழைத்துப்போனார். நான் அப்போது கல்யாணமாகி அடுத்த தெருவில் குடியிருந்தேன். நானும் அம்மாவும் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தோம். அப்பா மேடையில் ஏறினார். அவருடைய வாய் அசைந்தது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா பளிச்சென்று, "முருங்கைக்காய்க் குழம்பு!" என்றார்.

அப்பா மேடையிலிருந்து என் முகத்தைப் பார்த்தார். நான் மெல்லத் தலையசைத்தேன், கேட்கவில்லை என்று. அவர் இறங்கி வந்தார். தட்டியைச் சுற்றிப் போய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, "உங்க அண்ணன் ஊர்லேருந்து வந்திருக்காராம்" என்றார். அம்மாவுக்குத் தன் அண்ணன் என்றால் உயிர். அம்மா திரும்பவே இல்லை. காலியான மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கொட்டகை வேலை தொடங்கிய சமயத்தில், கடைசித் தம்பி பிறந்தபோது வந்த காய்ச்சலில் அம்மாவின் காது போயிருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மா பேசுவார், நாங்கள் கேட்போம். அதனால் யாருக்கும் தெரியாமல் போயிற்று. எதிரில் நின்று யார் பேசினாலும் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்ளவும் பழகியிருந்தார். கொட்டகையில் அதுகூடத் தேவைப்படவில்லை. அப்பா ஆண்டாண்டாக ஒரே கேள்வியைத்தானே கேட்டார்!

கொட்டகை முதலாளி மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். "ஐயா, நீங்க சோதிச்சுப் பார்த்துத்தானே சாவி கொடுப்பீங்க? என் கொட்டகைக்கு மட்டும் என்ன ஆச்சு?" என்றார்.

"சோதிக்கலை. அவசரத்துல விட்டுட்டேன். தப்பு என்னோடது" என்றார் அப்பா. கூட நின்று கைதட்டிய தச்சர்களிடமும் அதையே சொல்லச் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். சூலியா தெருவின் தேநீர்க் கடைகளில் அந்தப் பேச்சு வெகுநாள் ஓடியது. கைக்கு வந்திருந்த வேலைகள் வேறு ஆட்களுக்குப் போயின. அப்பா அந்தக் கொட்டகைக்குப் பலகை அடித்துச் சரிசெய்து கொடுத்தார். ஆனாலும் போன பெயர் திரும்பவில்லை. சில ஆண்டுகள் தீவுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர்த் தோட்டங்களில் திருவிழா மேடை போட்டுத்தான் எங்கள் குடும்பம் நடந்தது. வெயிலில் கறுத்து, படகில் அவர் வந்து இறங்கும்போது, என்னப்பா உங்களுக்கு இந்தத் தலையெழுத்து என்று எனக்கு அழுகையாக வரும். "உண்மையைச் சொல்லிடுங்கப்பா" என்று ஒருமுறை கெஞ்சினேன். "எந்த உண்மை பாப்பா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டார்: "அம்மாகிட்ட முகத்தைப் பார்த்துப் பேசுங்க. பின்னால நின்னு பேசுறது மரியாதை இல்லை." காது என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

மெல்ல மெல்ல மறுபடியும் கொட்டகை வேலைகள் வந்தன. அதற்குப் பிறகு அவர் போட்ட வரைபடம் எல்லாவற்றிலும் பெண்கள் பகுதி பின்னால் இல்லை. மேடைக்கு இடப்புறம், நடிகரின் முகம் தெரிகிற தூரத்தில் இருந்தது. பெரியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "பொம்பளைங்களை மேடையோரமா உட்காரவைக்கிறதா? என்ன பழக்கம்லா இது?" என்று கேட்டவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டும் இருக்கலாம். அப்பா யாருக்கும் காரணம் சொல்லவில்லை. வேலை கைநழுவினாலும் வரைபடத்தில் போட்ட அந்தக் கோட்டை மட்டும் அழிக்கவில்லை. சாவி கொடுக்கும் முன் அம்மாவைப் பட்டுச் சேலையில் அழைத்துப்போவதும் நிற்கவில்லை. அம்மாவைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து அதே கேள்வியைக் கேட்பார். பக்கத்தில் நான் இருப்பேன். எனக்குக் கேட்டால் கன்னத்தில் கை வைக்கவேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

பிறகு பேசும் படம் வந்தது. மேடைகளை இடித்துத் திரை கட்டினார்கள். அப்பா அதற்காகப் புலம்பவில்லை. அதற்குள் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்துவிட்டது. சில மாதங்களில் குரல் முழுதும் அடைத்துப்போனது. உதடுதான் அசையும். தண்ணீரா, தலையணையா என்று நாங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தோற்போம். அம்மா மட்டும் அறை வாசலில் நின்றபடியே, "சன்னலைச் சாத்தச் சொல்றார்" என்பார். வீடு நிறைய மனிதர்கள் இருந்தும் அவர் பேச்சு அம்மா ஒருவருக்குத்தான் கேட்டது.

கடைசி நாள் காலையில் அப்பா அம்மாவைப் பார்த்து ஏதோ கேட்டார். கொஞ்சம் நீளமாகக் கேட்டார். அம்மா வாசற்படியில் நின்று, "முருங்கைக்காய்க் குழம்புங்க" என்றார். அப்பா முகம் மலர்ந்து, சத்தமில்லாமல் சிரித்தார். சாயங்காலம் எங்களைவிட்டுப் போய்விட்டார்.

நோயில் கூடவே இருந்து பார்த்த மருத்துவருக்கும், தினமும் இளநீர் வெட்டிக் கொண்டுவந்த பக்கத்துக் கடை ராவுத்தர் மாமாவுக்கும், கடையைச் சாத்திவிட்டு வந்து அழுத சீனத் தச்சர்களுக்கும், தோட்டங்களிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் நன்றியுடையது.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் அம்மா எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். "காது போச்சுன்னு தெரிஞ்சா என்னைக் கூட்டிட்டுப் போகமாட்டாரேன்னு மறைச்சேன். ஊரு அவரைப் பேசினதை எத்தனை பேர் வாயில பார்த்தேன் தெரியுமா? நான் சொல்லியிருந்தா, என்னைக் காப்பாத்த அவர் பட்டதெல்லாம் வீணாப்போயிருக்கும். நீ கன்னத்துல கை வைக்கிறதும் எனக்குத் தெரியும். இப்ப எழுது. உங்க அப்பா சோதிக்காம எதையும் திறந்தவரில்லைன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

"கடைசி நாள் காலையில அப்பா குழம்பையா கேட்டார்?" என்றேன்.

அம்மா என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "'நான் போயிட்டா உனக்கு யாரு நேரா நின்னு பேசுவா?'ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியலை. அதான் குழம்பைச் சொன்னேன்."

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டுக்கு வரும்போது அம்மாவின் முகத்துக்கு நேரே நின்று, கொஞ்சம் நிறுத்திப் பேசுங்கள். அப்பா கேட்டதற்கு அதுதான் பதில்.