பல்லி கடிக்காத பாவு

வியாழக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு எஸ்தர் போன் செய்தாள். துர்காதேவி தறிக் குழியில் கால் வைத்தபடியே எடுத்தாள்.

"அம்மா போயிடிச்சிக்கா. டீ கேட்டுச்சி, போட்டு எடுத்துக்கினு வரதுக்குள்ள..."

பக்கத்துத் தறியில் துர்காவின் கணவன் முத்துக்குமார் நிறுத்தாமல் நெய்துகொண்டிருந்தான்.

எஸ்தரின் அம்மா சம்பூர்ணம், பிள்ளையார்பாளையத்து வீடுகளில் தார் சுற்றிக் கொடுத்தவள். குறுக்கே ஓடும் ஊடைக்கான பட்டு நூலைச் சின்னக் குழலில் ஏற்றுகிற வேலை. கை ராட்டையில் இருக்கும், கண் சுவரில் இருக்கும். சுவரில் பல்லி இருக்கும். இருபத்திரண்டு வருஷம் அவற்றைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதினாள். படிப்பு எட்டாவது.

துர்காவின் மாமியார் காமாட்சியம்மாளோடு நடந்த வாக்குவாதத்தில்தான் அது தொடங்கியது. பல்லி சொன்னால் பலிக்கும் என்றாள் மாமியார்.

"நீங்க பாத்தீங்களாம்மா, யாராச்சும் சொன்னாங்களா?"

"ஊரே சொல்லுது."

"ஊரு எண்ணிப் பாத்துச்சா?"

சம்பூர்ணம் எண்ணினாள். ஒரு மாதத்தில் அந்த வீட்டுப் பல்லிகள் இருநூற்றுப் பதினொரு தடவை சத்தம் போட்டன. அதையொட்டி நல்லது நடந்தது ஒன்பது, கெட்டது பன்னிரண்டு. மற்ற நேரமெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. "அதுங்களுக்குள்ள ஏதோ பேசிக்கினு இருக்குதுங்க. நம்ம வூட்டு விசேஷம் அதுங்களுக்கு எதுக்கு?" என்றாள்.

"வரதர் கோயில்ல தங்கப் பல்லியத் தொட்டுக் கும்பிடுறாங்க. இவ அதுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்குறா" என்று காமாட்சியம்மாள் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

தறியில் நீளவாக்கில் கட்டும் பாவில் இழை அறுந்தால் அந்தத் தெருவில் பழி பல்லிமேல்தான் விழும். விஷம் வைப்பார்கள். சம்பூர்ணம் மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில்களில் கஞ்சி தோய்த்த பட்டு இழைகளைப் போட்டாள். ஒன்றில் ஒரு பல்லி, ஒன்றில் புத்தகம் அரிக்கிற ராமபாணப் பூச்சிகள், மூன்றாவதில் எதுவும் இல்லை.

"சும்மா ஒரு பாட்டில் எதுக்குக்கா?" என்று கேட்டாள் துர்கா.

"நூலு தானாவே இத்துப்போவுதான்னு தெரிய வேணாமா?"

பத்தாம் நாள், பூச்சி இருந்த பாட்டிலில் மட்டும் இழைகள் அறுந்திருந்தன. சம்பூர்ணம் பூதக்கண்ணாடியை நீட்டினாள். "பூச்சி தின்ன நுனி பிசிறா இருக்கும். கத்தி பட்ட நுனி மொட்டையா இருக்கும். நான் சொன்னேன்னு நம்பாத துர்கா. நீயே பாரு." அதன்பின் தெருவில் விஷம் வைப்பது நின்றது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், வழக்கமாக முத்துக்குமாருக்கே போகும் முகூர்த்தப் புடவையை முதலாளி முதல் தடவையாகத் துர்காவிடம் கொடுத்தார். பாதி நெய்திருந்தபோது, ஒரு நாள் விடிந்து பார்த்தால் பாவில் ஒரே இடத்தில் நாற்பது இழைகள் அறுந்து கிடந்தன. துர்கா அழுதுகொண்டே சம்பூர்ணத்தைக் கூப்பிட்டாள். சம்பூர்ணம் கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். அறுந்த நுனிகளை நோட்டுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பூச்சிதாம்மா" என்றாள்.

துர்கா கண்ணாடியை வாங்கவில்லை. சம்பூர்ணம் சொன்ன பிறகு பார்க்க என்ன இருக்கிறது? முதலாளி பாவை எடுத்துக்கொண்டு போனார். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவளுக்கு இனி முகூர்த்தப் புடவை கிடையாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைதோறும் துர்கா தறிக் குழியைக் கழுவி வேப்பிலை போட்டாள். "என்னா, பூச்சி வளக்குறவ சாப்ட்டாளா?" என்று முத்துக்குமார் கேட்பான். அதற்கும் தலைகுனிந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் எஸ்தர் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிக்கினே இருக்கும்." உள்ளே நோட்டுகளும் பூதக்கண்ணாடியும் இருந்தன.

துர்காவின் கை அந்த வருஷத்து நோட்டைத்தான் தேடியது. அந்தத் தேதியில், டேப் போட்டு ஒட்டிய, அந்த முகூர்த்தப் புடவையின் அரக்குச் சிவப்பு இழைகள். கீழே சம்பூர்ணத்தின் கையெழுத்து: "நுனி மொட்டை. பிளேடு. விடியக்காலை முத்துக்குமார் துர்கா தறிகிட்ட குனிஞ்சி நின்னதை ஜன்னல்ல பார்த்தேன். சொன்னா குடும்பம் உடையும்."

எழுதியிருந்ததை அவள் அப்படியே நம்பவில்லை. வாசல் வெளிச்சத்துக்கு வந்து கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஒன்றில்கூடப் பிசிறு இல்லை. நாற்பது நுனியும் மொட்டை.

கணவனிடம் இப்படி ஒன்று இருக்கும் என்று அவள் மனதின் ஏதோ ஒரு மூலைக்குத் தெரிந்தேயிருந்தது. சம்பூர்ணத்திடம் இருக்கும் என்றுதான் அவள் நினைக்கவேயில்லை. ஒரு பல்லிமேல் வீண்பழி விழுந்தது என்று மூன்று பாட்டில் வைத்தவள், துர்காமேல் விழுந்த பழியை மூன்று வருஷம் தார் சுற்றிக்கொண்டே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். வேப்பிலை பறித்து வந்து கொடுத்ததும் அவள்தான்.

முத்துக்குமார் வாசலுக்கு வந்தான். நோட்டைப் பார்த்தான். சிவப்பு இழைகளைப் பார்த்தான். அது என்ன என்று கேட்கவில்லை.

"சோறு இருக்குதா?"

"பூச்சி தின்னது போக இருக்குது" என்றாள் துர்கா.

அவன் உள்ளே போய்விட்டான். அவள் மற்ற நோட்டுகளையும் எடுத்தாள். ஒவ்வொன்றின் அட்டைக்கு உள்பக்கமும் அந்த வருஷம் செய்ய வேண்டிய வேலைகளைச் சம்பூர்ணம் எழுதி வைத்திருந்தாள். செய்து முடித்ததற்கு நேராக டிக் போட்டிருந்தாள். கடைசி மூன்று நோட்டிலும் முதல் வரி ஒன்றேதான்: "துர்காகிட்ட சொல்லணும்." மூன்றிலும் அதற்கு டிக் இல்லை.