குதிரைக்காரன் வந்தானா?

பின்லாந்தில் நான் வேலை செய்யும் தொழிற்கூடத்தில் காலை ஒன்பது மணிக்குக் காப்பி இடைவேளை. பத்துப் பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். ராஜபாளையத்தில் இத்தனை பேர் இப்படி உட்கார்ந்திருந்தால் அது துக்க வீடாகத்தான் இருக்கும். ஆனால் போன தை மாதத்தில் ஒருநாள் அந்த மௌனம் எனக்கு வசதியாக இருந்தது. குனிந்து, செல்போனில் ஒரு சரித்திரக் காதல் நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதே நேரம் மதுரையில் என் தங்கை செல்விக்குத் தொண்டைக் கட்டியை அகற்றிக்கொண்டிருந்தார்கள். எடுத்த கையோடு சோதித்தால்தான் அது எப்படிப்பட்ட கட்டி என்று தெரியும். குரல் போனாலும் போகலாம் என்றிருந்தார் மருத்துவர். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். இந்த நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர முடியுமா என்பது நிச்சயமில்லை. முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலிருந்து பேசியவள் அழவில்லை.

"அண்ணே, பாதிக் கதையில போறேன். மிச்சத்த நீ படிச்சு வையி. எந்திரிச்சதும் அந்தக் குதிரைக்காரன் கோட்டைக்குள்ள வந்தானான்னு சொல்லணும்."

லேசான கதைதான். குதிரைக்காரன் வேடத்தில் ஓர் இளவரசன். அவனைத் திட்டிக்கொண்டே காதலிக்கும் ஓர் இளவரசி. ராஜபாளையம் வீட்டில் இப்படிப்பட்ட நாவல்களைச் செல்வி உரக்கப் படிப்பாள். நான் கேலி செய்வேன். ஆனால் இடத்தை விட்டு நகர மாட்டேன். சரியாக வாளை ஓங்கும் இடத்தில் அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்: "ஏட்டி, செத்த நேரம் நிறுத்து! குழம்ப எறக்கிட்டு வாரேன்." குழம்பு இறங்கும்வரை இளவரசன் ஓங்கிய வாளோடு நிற்பான்.

பக்கத்துக்குப் பக்கம் ஆபத்து வந்தது. ஆனாலும் இந்த வகைக் கதையில் இளவரசி சாக மாட்டாள் என்று தெரியும். அன்றைக்கு எனக்கு அந்த ஓர் உறுதி வேண்டியிருந்தது.

என் கண்களைப் பார்த்தோ என்னவோ, பக்கத்திலிருந்த மிக்கோ வாய் திறந்தான். "பிரார்த்தனையா?"

"இல்லை, காதல்" என்றேன், தெரிந்த ஃபின்னிஷில்.

திரையின் அடியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் என்றிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "உன் மனைவி இவ்வளவு எழுதுவாரா?" என்றான் மரியாதையாக. அன்று முதல்முறையாகச் சிரித்தேன்.

மதியம் செல்வியின் கணவர் அழைத்தார். "மச்சான், சாதாரணக் கட்டிதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. பயமில்ல." இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாலையில் அவர் போனை அவள் வாயருகே வைத்தார். கரகரவென்று ஒரே ஒரு சொல் வந்தது: "வந்தானா?"

எனக்கு இன்னும் மூன்று அத்தியாயம் மிச்சமிருந்தது. "வந்துட்டான்ட்டி" என்றேன்.

குரல் தேற ஒரு மாதம் ஆனது. போன ஞாயிறு இரண்டாம் பாகத்தை அவளே எனக்குப் போனில் படித்தாள். நான் வீட்டருகே உறைந்து கிடக்கும் ஏரியின் மேல் நடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். இளவரசி ஓலையைப் பிரிக்கும் இடத்தில், அவள் குரலுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்டக்டர் "மதுரை, மதுரை, மதுரை!" என்று கூவினார். நடு ஏரியில், வெறும் பனியின் மேல், பஸ் எங்கே நிற்கிறதென்று நான் திரும்பிப் பார்த்தேன்.